விசுவாசப் பகிர்வுக் குழுவில் எப்படிப் பேசுவது: திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

2020-இல் ஊரடங்கு போட்டு ஆலயங்கள் மூடிக்கிடந்தபோது பெங்களூரில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். லிங்கராஜபுரம், அல்சூர், விவேக்நகர் என்று வீடு ஆளுக்கொரு பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று சபையும் ஆளுக்கொன்று, பேச்சு மட்டும் எல்லோருக்கும் தமிழ். இப்போது நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வீடியோவில் கூடுவோம், மற்ற நாட்களில் எழுத்தும் வாய்ஸ் நோட்டும் ஓடும். நானும் ஒரு அட்மின் என்பதால் புதிதாகச் சேருகிறவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள், கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைப் போட்டு, நான் சொல்லி வந்த பதிலையும் எழுதியிருக்கிறேன்.

பகிர்வுன்னா என்னக்கா? சாட்சி சொல்றதும் அதுவும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. சாட்சியில் கதை முடிந்திருக்கும். வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகமானது, ஸ்தோத்திரம். பகிர்வில் கதை பாதியில் நிற்கலாம். இந்த வாரம் வாசித்ததில் எது மனதில் தைத்தது, எது புரியவே இல்லை, சில்க் போர்டு டிராஃபிக்கில் யார் மேல் எரிந்து விழுந்தேன், ஏன் மூன்று நாளாக ஜெபம் வரவில்லை, இதெல்லாம் பகிர்வுதான்.

"நாம் எல்லோரும் இப்படி இருக்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் அது பிரசங்கமாகிவிடும். "எனக்கு இந்த வாரம் இப்படி இருந்தது" என்று ஆரம்பியுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வீடியோவில் ஒருவருக்கு நான்கு நிமிடம். பேச்சு வராவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம், இரண்டு வருடமாக ஒரு வார்த்தையும் பேசாமல் புதன்தோறும் வருகிறவர் ஒருவர் இருக்கிறார், அவரை இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

தேவன்னு எழுதணுமா, கடவுள்னு எழுதணுமா? எந்த பைபிள்ல இருந்து வசனம் போடணும்?

உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதிலிருந்து போடுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் முழுதாக அச்சாகி வந்தது 1715-இல். அதிலிருந்து இன்றுவரை தமிழ் வேதாகமம் பல கை மாறி வந்திருக்கிறது. பழைய திருப்புதலில் (பழைய மொழிபெயர்ப்பில்) வளர்ந்தவர்கள் தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம், சங்கீதம் என்பார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்கள் கடவுள், ஆண்டவர், தூய ஆவி, திருமுழுக்கு, திருப்பாடல்கள் என்பார்கள். இந்த வார்த்தைகளை வைத்து ஒருவரை ஒருவர் திருத்த வேண்டாம். "கடவுள்னு எல்லா மதத்துக்காரங்களும் சொல்றாங்க, நீங்க தேவன்னு சொல்லுங்க" என்று ஒருவர் எழுதினார். கடவுள் என்பது எண்பது வயதுப் பாட்டி ஒருவர் வாழ்நாளெல்லாம் கூப்பிட்ட பெயர், அவரிடம் போய் இதைச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்று. கத்தோலிக்க பைபிளில் 73 புத்தகங்கள், மற்றவர்கள் கையில் இருப்பதில் 66. ஒரு தம்பி அந்தக் கூடுதல் புத்தகங்களில் ஒன்றான சீராக்கிலிருந்து 11:8 போட்டார், கேட்டு முடிக்கும் முன்பு பதில் சொல்லாதே என்கிற வசனம். உடனே "இது பைபிள்லயே இல்லையே" என்று ஒரு பதில். அதே கருத்து நீதிமொழிகள் 18:13-இல் எல்லோர் பைபிளிலும் இருக்கிறது. பாதி கேட்டதும் பதில் சொல்லக் கூடாது என்கிற வசனத்துக்கே பாதியில் பதில் வந்ததைப் பார்த்து அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது.

யாரை எப்படிக் கூப்பிடுறது? எல்லாரையும் பிரதர், சிஸ்டர்னு சொன்னா போதுமா?

தெரியாதவர்களுக்கு அது போதும். ஆனால் அம்மா வயதுள்ளவரை வெறும் சிஸ்டர் என்றால் சிலருக்கு ஒட்டாது, அம்மா, ஆன்ட்டி, ஐயா, அண்ணன், அக்கா என்று வாயில் வருவதைச் சொல்லுங்கள். 1 தீமோத்தேயு 5:1-2-இல் பவுலும் இதைத்தான் சொல்கிறார், பெரியவர்களை அப்பா, அம்மா போலவும் இளையவர்களைக் கூடப் பிறந்தவர்கள் போலவும் நடத்தச் சொல்லி. ஃபாதர், பாஸ்டர், ஐயர் என்று அவரவர் சபை வழக்கப்படி போதகர்களை அழைக்கலாம். "ஐயர்" என்று திருநெல்வேலிக்காரர்கள் சொன்னால் சிஎஸ்ஐ போதகரைச் சொல்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேறு யாரையோ நினைத்துக் குழம்பிப் போகிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா ஏதாவது நினைப்பாங்களா?

யாரும் எதுவும் நினைக்கக் கூடாது. இந்த ஊரில் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்தது இங்கிலீஷும் கன்னடமும் இந்தியும். தமிழ் அவர்களுக்கு வீட்டிலும் ஆலயத்திலும் காதால் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் ஜெபத்தைத் தட்டுத்தடுமாறி எழுதும்போது ளகர லகரப் பிழை பார்ப்பது கொடுமை. அதே போல, அந்த எழுத்தை வாசிக்க முடியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். முடிந்தால் கூடவே ஒரு வாய்ஸ் நோட் போடுங்கள்.

வாய்ஸ் நோட் இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. அல்சூரிலிருந்து ஒரு ஐயா காலை ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் அனுப்புவார், பின்னால் குக்கர் விசில் கேட்கும், நடுவில் அவர் மனைவி காபி ஆறுது என்பார். அவருக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அந்த நேரத்தில் பேச அவருக்கு வேறு ஆள் இல்லை, அதை நாலைந்து பேராவது முழுசாகக் கேட்கிறோம்.

ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்றாங்க. ஆறுதலா ஒரு வசனம் அனுப்புறது கூடவா தப்பு?

இதைத்தான் நான் அதிகம் விளக்கியிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு இரவு ஒரு சகோதரி குழுவில் எழுதினார். ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து இன்றைக்குத்தான் வந்தேன், தொட்டில் கட்டுவதற்காக என் வீட்டுக்காரர் மாட்டியிருந்த கொக்கியை இப்போது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்று. அவ்வளவுதான் எழுதினார். பத்து நிமிடத்தில் பதினோரு பதில். அதில் நான்கு ரோமர் 8:28 (எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்கிற வசனம்), ஒரு பூங்கொத்துப் படம், "இதைவிட நல்ல குழந்தையைக் கர்த்தர் தருவார்" என்று ஒன்று. அந்த நான்கில் ஒன்று நான் அனுப்பியது. மறுநாள் அவருக்கு ஃபோன் செய்தபோது மெதுவாகச் சொன்னார், "வசனம் எல்லாம் எனக்கும் தெரியும்க்கா. அந்தக் கொக்கியைப் பத்தி யாருமே ஒரு வார்த்தை கேட்கலை." (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

அந்த வசனத்தில் பிழையில்லை. அதை அனுப்பியதும் நம் வேலை முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றியதில்தான் பிழை. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களைக் குறை சொல்லியே பிரசங்கம் கேட்டிருக்கிறோம், ஆனால் யோபு 2:13-ஐ வாசித்துப் பாருங்கள், ஏழு நாள் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள் பேசியதற்காக.

அதனால் இப்போது எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது பாரமான ஒன்றை வைத்தால் முதலில் அவர் எழுதியதை முழுதாக வாசிக்க வேண்டும், அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தையாவது தொட்டுப் பதில் எழுத வேண்டும், பிறகு "நான் என்ன செய்யட்டும், ஜெபிக்கவா, நேரில் வரவா, சாப்பாடு கொண்டுவரவா" என்று கேட்க வேண்டும். வசனம் அடுத்த நாள் போகலாம், அவர் கேட்டால் அன்றைக்கே போகலாம். கைகூப்பும் படம், மெழுகுவத்திப் படம் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒன்றும் எழுத வராவிட்டால் "வாசித்தேன் அக்கா, கூட இருக்கிறேன்" போதும்.

ஆனா அவங்க வாழ்க்கையில ஏதோ பாவம் இருக்கலாமே, சுட்டிக்காட்ட வேண்டாமா?

வேண்டாம். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று. இரண்டும் இல்லை என்று இயேசு அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார். கஷ்டத்தில் இருப்பவரிடம் காரணம் தேடிக் கேள்வி கேட்பவரை நாங்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவோம், மறுபடியும் செய்தால் சில நாள் குழுவுக்கு வெளியே இருக்கச் சொல்வோம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நிஜமாகவே ஒருவர் உங்களுக்குத் தப்பு செய்திருந்தால் அது வேறு. மத்தேயு 18:15 முதலில் தனியே போய்ச் சொல்லச் சொல்கிறது, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதற்கும் அப்புறம்தான் சபை. நூறு பேர் பார்க்கும் இடத்தில் பெயரைச் சொல்லி எழுதினால் அந்த மூன்று படியில் முதல் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள்.

ஜெப விண்ணப்பத்துல எவ்வளவு விவரம் போடலாம்?

உங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும். அடுத்தவரைப் பற்றி அவர் சொல்லச் சொன்ன அளவு. "எதிர் வீட்டுப் பெண்ணுக்காக ஜெபியுங்கள், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார், இப்படிப் பேரு, இன்ன தெரு" என்று ஒரு விண்ணப்பம் வந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் அந்தப் பெண்ணின் நாத்தனாரும் குழுவில் இருந்தார். அரை மணி நேரத்தில் அந்த வீட்டுக்குச் செய்தி போய்விட்டது, அன்றிரவு அவளுக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. "ஒரு சகோதரிக்காக, குடும்ப சமாதானத்துக்காக" என்று சொன்னால் போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

ஸ்கேன் ரிப்போர்ட், பிரிஸ்கிரிப்ஷன், ஐசியூ படுக்கையில் இருப்பவர் படம் இதெல்லாம் வேண்டாம், அவர் எழுந்து வந்து பார்த்தால் எப்படி உணர்வார் என்று நினைத்துப் பாருங்கள். குழுவில் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவதும் கூடாது. சொந்தச் சபை ஜெபக் குழுவுக்கு அனுப்புவதாக இருந்தாலும் சொன்னவரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

எங்க வீட்ல யாரும் கிறிஸ்டியன் இல்ல. நான் இங்க இருக்கிறது வெளியே தெரிஞ்சிடுமா?

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும், வாட்ஸ்அப்பில் அதை மறைக்க நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் சேரும் முன்பே சொல்லிவிடுகிறேன். படம், முழுப்பெயர் வைக்காமல் சேரலாம், வீடியோவில் கேமராவை அணைத்துவைக்கலாம். உங்கள் கதையை வேறு யாரும் சாட்சியாகச் சொல்ல விடமாட்டோம். "ஒரு இந்துப் பெண் இரட்சிக்கப்பட்டாள்" என்று படத்தோடு போடுவது அவளுக்கு வீட்டில் எத்தனை கஷ்டத்தைக் கொண்டுவரும் என்பதைப் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

பழையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி வருகிறவரின் வீட்டுச் சாமியை, பண்டிகையை, அம்மா வைக்கும் பொட்டைக் கேலி செய்யாதீர்கள். அவருடைய அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

மாதாகிட்ட ஜெபிக்கிறது தப்புன்னு பைபிள்ல தெளிவா இருக்கே, அதைச் சொன்னா சண்டைன்றீங்க?

ஆகஸ்ட் 29-ஆம் தேதி சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் கொடியேறினால் எங்கள் குழுவில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நோவேனாவுக்கு (ஒன்பது நாள் ஜெபத்துக்கு) போகும் படங்களைக் கத்தோலிக்கர் போடுவார்கள், யாராவது ஒருவர் சிலை வணக்கம் கூடாது என்கிற யாத்திராகமம் 20 போடுவார், அப்புறம் இரவு இரண்டு மணி வரை ஓடும். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்து வியாழக்கிழமைப் படங்களுக்கும் இதே கதைதான்.

இது ஐந்நூறு வருட விவாதம், நம் குழுவில் முடியாது. பெரிய சபைகள் உட்கார்ந்து பேசத்தான் செய்கின்றன. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் விசுவாசத்தால் நீதிமானாவது பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன, அதற்குப் பின்னால் பல வருடப் பேச்சு இருக்கிறது. அவ்வளவு பொறுமை உள்ளவர்கள் தாராளமாகப் பேசலாம். கேட்கிற தோரணையைப் பார்ப்போம். "நீங்கள் மாதாவிடம் பேசும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது, எனக்குப் புரிய ஆசை" என்றால் பதில் கேட்கத் தயாராக இருக்கிறீர்கள். "சிலை வணக்கம்" என்றால் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கத்தோலிக்கருக்கும் சொல்கிறேன், "நேத்து முளைச்ச சபை" என்று பெந்தெகொஸ்தேகாரரைச் சொல்வதும் அதே மாதிரிதான். நான் சிஎஸ்ஐ, எனக்கும் இதில் சொந்தக் கருத்து உண்டு, குழுவில் இதுவரை எழுதியதில்லை.

லெந்து நாள்ல நான்வெஜ் சமைச்ச படம் போட்டா திட்டுறாங்க. நாங்க அதெல்லாம் பாக்குறதில்லையே?

ரோமர் 14 வாசியுங்கள். அங்கேயும் சாப்பாடு, நாள் இரண்டும்தான் பிரச்சினை. தவக்காலம் (லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்) அனுசரிப்பவர் மற்றவரைத் திட்டக் கூடாது, அனுசரிக்காதவர் பெரிய வெள்ளி அன்றைக்கு மட்டன் பிரியாணிப் படம் போடாமல் இருக்கலாம். ஒரு நாள்தானே.

நான் அந்நிய பாஷையில ஜெபிச்ச வாய்ஸ் நோட்டை ஏன் எடுத்துட்டீங்க?

அவமதிக்க எடுக்கவில்லை. (புதியவர்களுக்கு: அந்நிய பாஷை என்றால் ஆவியின் ஏவுதலால் வரும், கேட்பவருக்குப் புரியாத ஜெபப் பேச்சு.) 1 கொரிந்தியர் 14-ஐ நீங்கள்தான் எங்களைவிட நன்றாக அறிவீர்கள், அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாமல் தனியாகத் தேவனோடு பேசட்டும் என்று 28-ஆம் வசனத்தில் இருக்கிறது. கலப்புக் குழு என்பதால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் எடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அதைச் செய்யாதது எங்கள் தப்பு. அதைக் கேட்டுச் சிரித்த படம் போட்டவரிடமும் பேசினோம், அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நம்புகிறேன்.

விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு ஒருத்தர் எனக்கு எழுதினார். என்ன செய்யட்டும்?

மாத்திரையை விடாதீர்கள், எழுதியவர் யார் என்று எனக்குச் சொல்லுங்கள். சர்க்கரை, பிபி, வலிப்பு, மனநோய் எதுவானாலும் மருந்தை நிறுத்துவது டாக்டரோடு பேச வேண்டிய விஷயம். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் பதினைந்து வருடம் ஆயுசு கூட்டிக்கொடுத்தார், அப்போதும் ஏசாயா கட்டிக்கு அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசாயா 38:21). ஜெபமும் மருந்தும் அந்த அறைக்குள் சேர்ந்தே இருந்தன.

ஒரு சிஸ்டர் ரொம்ப கஷ்டத்துல இருக்காங்க, ஜிபே நம்பர் போட்டு உதவி கேட்கலாமா?

குழுவில் நேரடியாக வேண்டாம். ஏமாற்று ஒரு பக்கம், கொடுக்க முடியாதவர்கள் கூசிப்போவது இன்னொரு பக்கம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பது மூன்றாவது. அட்மினிடம் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்து விசாரித்துச் சத்தமில்லாமல் செய்வோம்.

பாட்டு, கன்னடப் பூசை, காவிரி இதெல்லாம் பேசலாமா? நம்ம வாழ்க்கையும் இதுதானே?

நம் வாழ்க்கைதான். பெங்களூரில் எந்த மொழியில் எத்தனை பூசை என்பதில் கன்னடக் கத்தோலிக்கருக்கும் தமிழருக்கும் பல வருடமாக மனக்கசப்பு உண்டு, அதில் காயப்பட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அந்தக் காயத்தைப் பகிரலாம், முதல் பதிலில் சொன்ன மாதிரி "எனக்கு இப்படி இருந்தது" என்று. கன்னடக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று போக வேண்டாம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் கன்னட மருமகளோ மருமகனோ இருக்கிறார்கள், அவர்களும் புதன்கிழமை பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஃபார்வர்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது எடுத்த வீடியோவை வேறொரு வருடத்தில் "இப்போது நடக்கிறது" என்று ஒருவர் போட, பள்ளிக்குப் போன பிள்ளையைக் கூட்டிவர ஓடிய அம்மாவை எனக்குத் தெரியும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. அதைப் பார்த்தால் போடாதீர்கள். "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்" என்கிற வகையும் இதில் அடக்கம்.

குழுவுல பேசின ஒரு பிரதர் ராத்திரி தனியா மெசேஜ் அனுப்புறார். ஜெபம்னுதான் சொல்றார், சொன்னா தப்பா ஆகிடுமா?

தப்பாகாது, உடனே சொல்லுங்கள். குழுவில் இருக்கும் பெண்ணுக்கு அவர் கேட்காமல் ஆண் தனியாக எழுதக் கூடாது, ஊழியக்காரரானாலும் சரி. ஜெபிக்க வேண்டுமென்றால் குழுவிலேயே ஜெபிக்கலாம், இல்லாவிட்டால் பெண் அட்மினையும் சேர்த்துக்கொண்டு பேசலாம். மேலே சொன்ன 1 தீமோத்தேயு 5:2-இல் "எல்லாக் கற்புடன்" என்று இருக்கிறது, அந்த இரண்டு வார்த்தையை யாரும் விட்டுவிட்டு வாசிக்க வேண்டாம். அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். சொன்னது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடிந்தவரை பார்ப்போம், முடியாவிட்டால் முன்கூட்டியே உங்களிடம் சொல்வோம்.

பாஸ்டரே குழுவுல ஒருத்தரை அவமானப்படுத்தினா யார் கேட்கிறது?

கஷ்டமான கேள்வி. ஒருமுறை அப்படி நடந்தது. ஒரு தம்பி, வேலை போய் ஆறு மாதம், இனிமேல் ஜெபித்து என்ன பயன் என்று எழுதினான். எல்லோரும் மதிக்கும் ஒரு போதகர் "தசமபாகம் ஒழுங்கா கொடுத்தியா" என்று கேட்டார் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது). பாவம் தேடக் கூடாது என்று மேலே சொன்ன விதி அவருக்கும் உண்டு, ஆனால் அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் நா எழவில்லை, ஒருநாள் முழுக்க அமைதி. அந்த அமைதியைத் தம்பி நாம் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு முடிவு செய்தோம். பொதுவில் ஒருவர் அவமானப்பட்டால் அட்மின் பொதுவிலேயே, மரியாதையோடு, உடனே ஒரு வரி எழுத வேண்டும்: "ஐயா, தம்பி பாரத்தைச் சொல்லியிருக்கிறார், முதலில் கேட்டுக்கொள்வோம்." விளக்கம், வாக்குவாதம் எல்லாம் தனியாக, ஃபோனில். மத்தேயு 18-க்கு இது எதிரில்லை, ஏனென்றால் அந்த ஒரு வரி போதகரைக் கண்டிக்க எழுதியதில்லை, தம்பி தனியாக இல்லை என்று அவனுக்குத் தெரியத்தான். போதகரிடம் நான் மறுநாள் பேசினேன். வருத்தப்பட்டார், தம்பிக்கு அவரே ஃபோன் செய்தார்.

எனக்கு விசுவாசமே போயிடுச்சுன்னு குழுவுல எழுதலாமா? துரத்திடுவாங்களா?

எழுதலாம். உயிர்த்த இயேசுவைப் பார்த்தோம் என்று மற்றவர்கள் சொல்லியும் சீஷரான தோமா நம்பவில்லை, ஆனால் எட்டு நாள் கழித்தும் அவர் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார் (யோவான் 20:26). யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சென்னைப் பரங்கிமலைக்கு (செயின்ட் தாமஸ் மவுண்ட்) அவர் பெயரால்தான் இன்றும் போகிறோம்.

பதில் எழுதுகிறவர்களுக்கு: அவரோடு வாதாடி ஜெயிக்க வேண்டாம், கொக்கி விஷயத்தில் சொன்னதுதான் இங்கேயும், முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

"வாழ பிடிக்கல"ன்னு ஒருத்தர் எழுதினா?

அந்த நேரத்தில் வேறு எந்த விதியும் கிடையாது. நடு இரவானாலும் உடனே அவருக்கு ஃபோன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் அட்மினுக்கு, அட்மின் அவருடைய வீட்டாருக்கு, பக்கத்தில் இருப்பவர் நேரில் போகட்டும். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அது பாவம், நரகம் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம், 2022-இல் அரசு தொடங்கியது, நம் ஊர் நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை இடம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் அவனைத் தூங்க விட்டு, எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், இரண்டு தரம். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.

கோபத்துல ஏதோ எழுதிட்டேன், எல்லாரும் பார்த்துட்டாங்க. அழிச்சிட்டா போதுமா?

பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஆனால் பார்த்தவர் மனதிலிருந்து அழியாது, அழித்த தடம் வேறு நிற்கும், பார்க்காதவர்கள் என்ன எழுதினார் என்று விசாரிப்பார்கள். எந்த இடத்தில் காயப்படுத்தினீர்களோ அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "நேற்று நான் எழுதியது தப்பு, அக்கா, மன்னியுங்கள்." "யாராவது காயப்பட்டிருந்தால்" என்று இழுக்காதீர்கள், யார் என்று உங்களுக்குத் தெரியும். கூடவே தனியாகவும் பேசுங்கள். மன்னிப்புக் கேட்டவருக்கு மற்றவர்கள் வசனம் அனுப்ப வேண்டாம்.

கொஞ்ச நாள் விலகி இருக்கணும்போல இருக்கு. போனா தப்பா நினைப்பாங்களா?

போகலாம். இப்போது வாட்ஸ்அப்பில் வெளியேறினால் அறிவிப்பு அட்மின்களுக்குத்தான் போகும், ஆனாலும் 60 நாள் வரை யார் யார் போனார்கள் என்ற பட்டியலை உறுப்பினர்கள் தேடினால் பார்க்கலாம், அதனால் முழு ரகசியம் இல்லை. போகாமல் சத்தத்தை மட்டும் அணைத்துவைத்தும் பார்க்கலாம். யாராவது போனால் குழுவில் "ஏன் போனார்" என்று கேட்காதீர்கள், நான் ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்து நலம் மட்டும் விசாரிப்பேன். கொக்கியைப் பற்றி எழுதிய சகோதரியும் அப்படி நான்கு மாதம் போயிருந்தார். ஒரு புதன்கிழமை எட்டேகால் மணிக்கு "லிங்க் அனுப்புங்கக்கா" என்று மட்டும் செய்தி வந்தது, அனுப்பினேன், கேமராவை அணைத்துவைத்துக் கடைசிவரை இருந்தார்.